நாயகன் எப்போது சாப்பிட்டான்? அதிரடி நாவல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் அதிரடி நாவல்களும் துப்பறியும் நாவல்களும் எழுதிவரும் ஆசிரியர்களுக்கும், அவற்றை மாத இதழ்களாகவும் ஒலிநூல்களாகவும் இணையத் தொடர்களாகவும் வெளியிட்டுவரும் பதிப்பாசிரியர்களுக்கும் வணக்கம்.

நான் கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டினத்தைச் சேர்ந்தவன். அரசுப் பள்ளிகளில் முப்பத்திரண்டு ஆண்டுகள் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன். அதற்கும் முன்பிருந்தே, எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த நாள் முதலாக, உங்கள் வகை நூல்களின் வாசகன். என் தாயார் கிருஷ்ணகிரிக்கும் தருமபுரிக்கும் இடையில், லாரிகள் ஒதுங்கி நிற்க இடமுள்ள ஓரமாகப் பார்த்து, கீற்றுக் கொட்டகையில் ஒரு சாப்பாட்டுக் கடை நடத்திவந்தார். இன்று 44 என்ற எண்ணைத் தாங்கி நிற்கும் அந்த தேசிய நெடுஞ்சாலைக்கு அப்போது எண் 7. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இரவு பதினொரு மணிக்கு மேல் அவர் பாத்திரம் துலக்கும்போது, அந்த மாதத்து நாவலை அரிக்கேன் விளக்கருகே உட்கார்ந்து நான் உரக்கப் படிக்க வேண்டும். துரோகி யார் என்பதைப் பெரும்பாலும் எனக்கு முன்பே கண்டுபிடித்துவிடுவார். பத்து அத்தியாயங்கள் கடந்ததும் தவறாமல் அவரிடமிருந்து ஒரு கேள்வி வரும்: "ஏன்டா, இவன் எப்பத்தான் சாப்பிட்டான்?"

நான் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டித் தேடுவேன். வெள்ளிக்கிழமை காலையில் கடத்தல் நடந்திருக்கும். சனிக்கிழமை இரண்டு சண்டைகள். ஞாயிற்றுக்கிழமை விடியலில் நாயகன் ஓடும் ரயிலின் கூரையில் நிற்பான். இடையில் இரண்டு சிகரெட்டும், பாதியில் விட்டுவிட்டு எழுந்த ஒரு காப்பியும் மட்டுமே அவன் உட்கொண்டவை. அந்தக் காப்பியும் தொலைபேசி மணி அடித்ததால் ஆறிப்போயிருக்கும். அம்மா மறைந்து பல ஆண்டுகள் ஆகின்றன. கீற்றுக் கொட்டகை இருந்த இடத்தின்மேல் இப்போது சாலையின் சேவைப் பாதை ஓடுகிறது. அவருடைய கேள்விக்கு மட்டும், சென்ற மாதம் நான் படித்து முடித்த நாவல்வரை, விடை கிடைக்கவில்லை. இந்த மடலை எழுதத் தூண்டியது அந்த நாவல்தான்.

அதன் பெயரையும் ஆசிரியர் பெயரையும் இங்கே சொல்லப்போவதில்லை. கதையின் நடுப்பகுதி கிருஷ்ணகிரி, தருமபுரி என்ற எங்கள் இரு மாவட்டங்களில் நடக்கிறது என்பதால் ஆவலோடு வாங்கினேன். ஓசூரில் தொடங்கும் துரத்தல் தொப்பூர்க் கணவாயில் முடிகிறது. ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவுள்ள அந்தப் பாதையில், கடைகள் விடிய விடிய திறந்திருக்கும் அந்த நெடுஞ்சாலையில், முந்தைய நாள் நண்பகலிலிருந்து பட்டினி கிடக்கும் ஒரு மனிதன் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் காரோட்டி வந்து, இறங்கி, நான்கு பேரை அடித்து வீழ்த்துகிறான். பிறகு, மார்கழிக் குளிர் என்று ஆசிரியரே இரண்டு பக்கங்களுக்கு முன்பு எழுதியிருப்பதை மறந்துவிட்டு, கிருஷ்ணகிரித் தோப்பு ஒன்றில் புகுந்து மரத்திலிருந்து பழுத்த மாம்பழம் பறித்துத் தின்கிறான். மார்கழியில் எங்கள் தோப்புகளில் பூதான் இருக்கும், அதுவும் முன்பட்டத்தில் பூத்த மரங்களில். பழம் வேண்டுமென்றால் அவன் சித்திரை, வைகாசிவரை ஒளிந்திருக்க வேண்டும்.

பருவம் தவறிய மாம்பழத்தை மன்னித்துவிடலாம். மெய்ப்புத் திருத்துபவர் கவனித்திருந்தால் நீங்கியிருக்கக்கூடிய பிழை அது. நான் முறையிட வருவது அந்தப் பட்டினியைப் பற்றி. சாப்பாட்டுக் காட்சி என்றால் கதையின் வேகத்தைக் குறைக்கும் மேடு என்று நீங்கள் கருதுவதாகத் தெரிகிறது. துரத்தப்படுகிறவனின் நிலையிலிருந்து ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அவன் ஓட்டத்தை நிறுத்தி ஓரிடத்தில் உட்காருவது சாப்பிடுவதற்காகத்தான். வலக்கை குழம்பில் இருக்கும். துப்பாக்கியை எடுக்க வேண்டுமென்றால் கையை உதறித் துடைக்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் யார் வந்து உட்காருகிறார்கள் என்று தெரியாது. முன்பின் அறியாத ஒருவர் சமைத்ததை நம்பி வாயில் வைக்க வேண்டும். காசு கொடுக்க வேண்டும், பேச வேண்டும், நாலு பேர் முகத்தைப் பார்க்க வேண்டும். உறங்கும் நேரத்தைத் தவிர்த்தால் ஒரு மனிதன் இவ்வளவு காவலற்று இருக்கும் நேரம் வேறில்லை. பதற்றத்தை விற்றுப் பிழைக்கும் ஓர் எழுத்து வகை, பதற்றம் தானாகவே விளையும் இந்த இடத்தை ஏன் தரிசாகப் போட்டிருக்கிறது என்பது எனக்கு விளங்கவில்லை.

வேற்று மொழிகளில் இதை நன்கு அறிந்து பயன்படுத்தியிருக்கிறார்கள். ஜேம்ஸ் பாண்டைப் படைத்த இயான் ஃபிளெமிங்கின் முதல் நாவல் 1953இல் வெளிவந்தது. பிரிட்டனில் போர்க்காலத்தில் தொடங்கிய உணவுப் பங்கீடு முழுவதுமாக விலக்கப்பட்டதோ 1954 ஜூலையில். அளந்து கொடுக்கப்படும் இறைச்சிக்காகப் பங்கீட்டு அட்டையோடு காத்திருந்த வாசகனிடம், தனக்கு வேண்டியதைப் பெயர் சொல்லிக் கேட்டு உண்ணும் ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்தினார் ஃபிளெமிங். ரேஷன் கடை வரிசையில் நின்று பழகிய நமக்கு அந்த வாசகனின் மனநிலையை எவரும் விளக்க வேண்டியதில்லை. துப்பாக்கியைவிட அந்த உணவுப் பட்டியல்தான் அவனை ஏங்க வைத்திருக்கும்.

அதைவிடச் சுவையான செய்தி ஒன்றை ஃபிளெமிங் தாமே ஒரு கட்டுரையில் எழுதியிருக்கிறார். அவருக்கு அடித்துக் கலக்கிய முட்டை, அதாவது நம் கடைகளில் முட்டைப் பொடிமாஸ் என்று நாம் கேட்கும் பண்டத்துக்கு ஓரளவு நெருங்கியது, மிகவும் பிடிக்கும். ஆகவே பாண்டும் ஒரு நாவலில் போகும் இடமெல்லாம் அதையே கேட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மெய்ப்புப் பார்த்தவர் ஓரக்குறிப்பு எழுதிவிட்டார்: இவனைப் பின்தொடரும் எதிரி வேறெதுவும் செய்ய வேண்டியதில்லை, ஒவ்வோர் உணவகத்திலும் நுழைந்து முட்டை கேட்டுச் சாப்பிட்ட ஆள் யாராவது வந்தாரா என்று விசாரித்தாலே போதும் என்று. ஃபிளெமிங் உட்கார்ந்து உணவுகளை மாற்றி எழுத வேண்டியதாயிற்று. அந்த மெய்ப்புத் திருத்துநரை நான் மனமார வணங்குகிறேன். ஒருவன் எதை விரும்பி உண்கிறான் என்பது காலடித் தடத்தைப் போலவே அவன் விட்டுச் செல்லும் தடயம் என்பதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். என்ன, அந்த வரியை வைத்தே ஒரு நாவல் எழுதியிருக்கலாம், திருத்தத்தோடு நின்றுபோயிற்று.

எங்கள் கடையில் இதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். ஒருமுறை, காணாமல்போன சரக்கு லாரி ஒன்றைத் தேடி வந்தவர்கள் அம்மாவிடம் ஓட்டுநரின் அடையாளங்களைச் சொல்லி விசாரித்தார்கள். முகமோ சட்டை நிறமோ வண்டி எண்ணோ எதுவும் அவர் நினைவில் இல்லை. சற்று நேரம் கழித்து, "ரசத்தத் தனியா டம்ளர்ல வாங்கிக் குடிச்சிட்டு, அப்புறமா சோத்துல மோர் மட்டும் ஊத்திக்கினு சாப்பிட்டாரே, அவரா?" என்றார். வந்தவர்களில் ஒருவர், ஓட்டுநரின் உறவினர் போலும், சட்டென்று நிமிர்ந்து, "அவரேதான், வயித்துப் புண்ணு அவருக்கு" என்றார். எந்தத் திசையில் போனார், தனியாகப் போனாரா என்பதெல்லாம் அதன்பின் ஒவ்வொன்றாக அம்மாவின் நினைவுக்கு வந்தன. உங்கள் நாவல்களில் கண்காணிப்புக் கேமரா செய்யும் வேலையை அன்று ஒரு டம்ளர் ரசம் செய்தது.

தமிழில் எவருமே செய்யவில்லை என்று சொல்வது நேர்மையாகாது. தமிழ்வாணனின் சங்கர்லாலை நினைக்கும்போது எங்கள் தலைமுறைக்குத் தேநீர்தான் முதலில் நினைவுக்கு வரும். அந்தத் துப்பறிவாளனுக்கு அது அவ்வளவு நெருக்கமான துணை. 1948இல் இத்தாலியில் பிறந்து, சிவகாசிப் பதிப்புகளின் வழியே தமிழ் பேசக் கற்றுக்கொண்ட சித்திரக்கதை நாயகர் டெக்ஸ் வில்லரும் அவர் நண்பர் கார்சனும் ஊருக்குள் நுழைந்ததும் தேடுவது தடித்த கறித்துண்டையும் மலைபோல் குவித்த உருளைக்கிழங்கு வறுவலையும்தான். அம்மாவுக்குப் படம் காட்டி அந்தக் கதைகளையும் சொல்லியிருக்கிறேன். "இவனுங்கதான் ஒழுங்கா சாப்பிடறானுங்க" என்பது அவருடைய மதிப்புரை. ஆனால் சங்கர்லாலின் தேநீரும் டெக்ஸின் கறித்துண்டும் பாத்திரத்தின் குணத்தைக் காட்டும் அடையாளங்கள். உணவே கதைத் திருப்பமாக அமைவதைத்தான் நான் உங்களிடம் எதிர்பார்க்கிறேன்.

எங்கள் ஊர்க் களியையே எடுத்துக்கொள்வோம். இரு மாவட்டங்களிலும் இன்றும் பல வீடுகளில் அன்றாட உணவு ராகிக் களி. கொதிக்கும் நீரில் நொய்யை வேகவிட்டு, ராகி மாவைக் குவித்துக் கொட்டி, நடுவில் துடுப்பால் குழி செய்து மூடி, மாவு வெந்தபின் பானையை அசையாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டு கட்டி தட்டாமல் கிண்டி எடுப்பார்கள். தோள் வலிமை கேட்கும் வேலை அது. ஈரக் கையால் உருட்டித் தட்டில் வைத்து, கீரைக் கடைசலையோ கொள்ளுக் கடைசலையோ கருவாட்டுக் குழம்பையோ ஊற்றித் தருவார்கள். உண்பதற்கு ஒரு முறை உண்டு. உருண்டையின் நடுவில் கை வைத்தால் விரல் வெந்துவிடும். ஓரத்திலிருந்து கிள்ள வேண்டும். கிள்ளியதைக் குழம்பில் புரட்டி அப்படியே விழுங்க வேண்டும். பல்லில் படக் கூடாது. மென்றால் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், சுவையும் தெரியாது. பிள்ளைப் பருவத்தில் பழகாதவர்களுக்கு இது எளிதில் வராது.

இரண்டாம் உலகப் போரின்போது, ஐரோப்பாவுக்குள் அனுப்பப்பட்ட அமெரிக்க ஒற்றர்களுக்கு முள்கரண்டியைப் பிடிக்கும் முறையைப் புதிதாகக் கற்பித்தார்கள். இறைச்சியை வெட்டியபின் முள்கரண்டியை வலக்கைக்கு மாற்றிக்கொள்வது அமெரிக்க வழக்கம். ஐரோப்பியர்கள் இடக்கையிலேயே வைத்து உண்பார்கள். மொழியில் தேர்ந்து, போலி ஆவணங்களோடு போன ஒற்றனை ஒரு வேளைச் சாப்பாடு காட்டிக் கொடுத்துவிடக் கூடும் என்பதால் அந்தப் பயிற்சி. இப்போது உங்கள் கதைக்கு வாருங்கள். பாலக்கோட்டுப் பக்கத்தில் ஒரு சிற்றூர். வழி தவறிய உறவுக்காரன் என்று சொல்லிக்கொண்டு ஒருவன் வந்து தங்கியிருக்கிறான். பேச்சு, உடை, குலதெய்வத்தின் பெயர் எல்லாம் சரியாக இருக்கின்றன. வீட்டுப் பாட்டி களியை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருக்கிறார். அவன் கிள்ளுகிறான், வாயில் வைக்கிறான், மெல்லுகிறான். பாட்டி எதுவும் பேசவில்லை. எழுந்துபோய்க் கொல்லைக் கதவைத் தாழிடுகிறார். இந்தக் காட்சிக்கு வெடிகுண்டும் வேண்டாம், ஹெலிகாப்டரும் வேண்டாம்.

களியைப் பற்றிய பேச்சில் எனக்கு ஒரு தனி வருத்தமும் உண்டு. அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் காவல் அதிகாரிகள் யாரை மிரட்டினாலும், "உன்னை உள்ளே தள்ளிக் களி தின்ன வைக்கிறேன்" என்கிறார்கள். சிறையில் களி கொடுத்த காலத்தில் பிறந்த வழக்கு அது என்பது எனக்குத் தெரியும். ஆயினும் அதிகாலையில் வயலுக்குப் போகுமுன் கூழும், நண்பகலில் களியும் உண்டு வளர்ந்த மக்கள் வாழும் மாவட்டத்தில், வகுப்பறையில் மதிய உணவுக்குக் களி கொண்டுவந்த பிள்ளையைப் பார்த்து இன்னொரு பிள்ளை "ஜெயில் சோறு" என்று சிரித்ததை ஆசிரியராக நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளை மறுநாளிலிருந்து டப்பாவை மூடியால் மறைத்துக்கொண்டு சாப்பிட்டது. அதே ராகியை இப்போது நகரத்துப் பெருங்கடைகளில் சத்துமாவு என்று பளபளக்கும் உறையில் விற்கிறார்கள் என்பது வேறு கதை. உங்கள் அதிகாரி மிரட்டட்டும்; மிரட்டலுக்கு வேறு சொற்கள் தமிழில் நிறைய உள்ளன.

இதெல்லாம் ஆங்கிலக் கதைகளைப் பார்த்துக் கற்க வேண்டிய கலை என்றும் நீங்கள் எண்ண வேண்டாம். தொல்காப்பியர் புறத்திணைக்கு இலக்கணம் வகுக்கும்போது, ஆநிரை கவர்ந்து வந்த வீரர்கள் கூடி உண்டு மகிழ்வதற்கு உண்டாட்டு என்று ஒரு துறையே வைத்தார். போருக்குப் புறப்படும்முன் அரசன் படைக்குச் சோறளிப்பது பெருஞ்சோற்று நிலை. அது வஞ்சித் திணையில் வருகிறது. நவீன மொழியில் சொன்னால், அதிரடிக் காட்சிக்கு முன்னும் பின்னும் ஒரு சாப்பாட்டுக் காட்சி வேண்டும் என்று நம் இலக்கணம் அன்றே இடம் ஒதுக்கியிருக்கிறது. எங்கள் பகுதியில் இன்றும் வயல் ஓரங்களில் நிற்கும் நடுகற்கள் பல, ஆநிரை கவர்தலிலும் மீட்டலிலும் பட்டவர்களுக்கு நட்டவை. அவர்களும் புறப்படும்முன் எதையோ உண்டுவிட்டுத்தான் போயிருப்பார்கள்.

இன்னும் நெருங்கி வந்தால், தகடூர் என்பது இன்றைய தருமபுரி. அதை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி ஔவைக்கு நெல்லிக்கனி தந்த கதை எல்லாப் பிள்ளைகளும் அறிந்தது. ஆனால் ஔவையின் பாட்டை நேரடியாகப் படித்தவர்களுக்கு அதிலுள்ள மர்ம முடிச்சு தெரியும். கனியின் பயனை "நின்னகத்து அடக்கி"த் தந்தாய் என்கிறார் அவர். உண்டால் சாவு நீங்கும் என்பதைச் சொன்னால் ஔவை வாங்க மறுத்துவிடக் கூடும். ஆகவே சொல்லாமல் கொடுத்து, அவர் உண்டுவிட்ட பிறகே தெரிய வைத்தான். தின்னும் பொருளில் ஒரு இரகசியம், தின்பவருக்குத் தெரியாமல், தருபவர் நெஞ்சில் பூட்டப்பட்டிருக்கிறது. பாலில் நஞ்சைக் கலந்து நீட்டும் கை உங்கள் நாவல்களில் ஆயிரம் முறை வந்துவிட்டது. அதே அமைப்பில் நஞ்சுக்குப் பதிலாக உயிரை வைத்துக் கொடுத்த கை எங்கள் ஊர்க்காரனுடையது. தலைகீழாக்கி எழுத எவருக்கும் தோன்றவில்லை.

அவன் போரில் பட்டபின் ஔவை பாடிய கையறுநிலைப் பாட்டு, புறநானூற்றில் 235ஆம் பாட்டு, இந்த மடலில் நான் சொல்ல முயல்வதையெல்லாம் ஏற்கெனவே செய்து காட்டிவிட்டது. அதில் அடுத்தடுத்து வரும் இரண்டு அடிகளைப் பாருங்கள்:

"என்பொடு தடிபடு வழியெல்லாம் எமக்கு ஈயும் மன்னே!
அம்பொடு வேல்நுழை வழியெல்லாம் தான் நிற்கும் மன்னே!"

எலும்போடு கறி கிடைக்கும் இடமெல்லாம் எங்களை முன்னிறுத்தினான், அம்போடு வேல் பாயும் இடமெல்லாம் தான் நின்றான். ஒரே வாக்கிய அமைப்பில் பந்தியும் போர்க்களமும் அமர்ந்திருக்கின்றன. சற்றுக் கீழே, அவன் மார்பில் பாய்ந்த வேல் எங்கெல்லாம் போயிற்று என்று ஔவை சொல்லும் இடம் வருகிறது. அது முதலில் துளைப்பது பாணர்களின் அகன்ற மண்டையை. மண்டை என்பது அவர்கள் உணவு வாங்கி உண்ணும் கலம். பிறகு இரப்போர் கைகளின் ஊடே போய், அவனை நம்பி வாழ்ந்தவர்களின் கண்களை ஒளி இழக்கச் செய்து, கடைசியில் புலவர்களின் நாவில் சென்று வீழ்கிறது. ஓர் ஆயுதத்தின் பாதையை இவ்வளவு நிதானமாக, ஒவ்வொரு பொருளாகக் கடந்துபோகும்படி படமாக்கிய காட்சியை நான் எந்த அதிரடி நாவலிலும் படித்ததில்லை. அந்தப் பாதையில் முதலில் உடைவது ஒரு சாப்பாட்டுத் தட்டு. வகுப்பில் இந்தப் பாட்டை நடத்தும்போதெல்லாம் இந்த இடத்தில் ஒரு நிமிடம் நிறுத்துவேன். பின்வரிசைப் பையன்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள்.

நேரக் கணக்கைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். பிரேதப் பரிசோதனையில் இரைப்பையில் உள்ள உணவின் நிலையைப் பார்த்து இறந்த நேரத்தை மதிப்பிடும் காட்சி உங்கள் நாவல்களில் அடிக்கடி வருகிறது. சொல்லிவைத்தாற்போல மருத்துவர் நிமிடக் கணக்கில் நேரம் சொல்லிவிடுகிறார். மெய்யாக அது அவ்வளவு துல்லியமான கடிகாரம் அன்று. எளிய உணவு ஓரிரு மணி நேரத்தில் இரைப்பையைவிட்டு நீங்கலாம். எண்ணெயும் இறைச்சியும் நிறைந்த பெருஞ்சாப்பாடு பல மணி நேரம் தங்கும். அச்சமும் பதற்றமும் செரிமானத்தை மேலும் தாமதப்படுத்தும். கடத்திவைக்கப்பட்டு நடுங்கிக்கொண்டிருந்த ஒருவனின் வயிறு பொய் நேரம் காட்டும் என்பதை வைத்துக்கொண்டு ஒரு நல்ல ஆசிரியர் வாசகரை ஐம்பது பக்கங்கள் தவறான ஆள்மீது சந்தேகப்பட வைக்கலாமே!

சாலையும் அப்படித்தான். தருமபுரியிலிருந்து சேலம் நோக்கிப் போகும்போது வரும் தொப்பூர் இறக்கம் விபத்துகளுக்குப் பெயர்போனது. அதை நள்ளிரவுக்கு மேல் இறங்க வேண்டிய ஓட்டுநர்கள் எங்கள் கடையில் சோற்றைக் குறைத்துக்கொள்வார்கள். கண் சொக்கிவிடும் என்று அஞ்சுவார்கள். இரண்டு தோசையும் கட்டஞ்சாயாவும் போதும் என்பார்கள். அளவுக்கு மீறி உண்ட ஓர் ஓட்டுநரைப் பார்த்தால், "இன்னிக்கு இங்கயே படுத்துட்டுக் காலையில போங்கண்ணா" என்று அம்மா கட்டிலைக் காட்டுவார். ஒருவனை இரவு முழுதும் ஓரிடத்தில் நிறுத்திவைக்க விரும்பும் வில்லன் டயரைப் பஞ்சராக்க வேண்டியதில்லை. கூடுதலாக இரண்டு கரண்டி பிரியாணி போடச் சொன்னாலே போதும்.

காத்திருக்கும் காட்சிக்கு ஒகேனக்கல்லை எவரும் ஏன் பயன்படுத்துவதில்லை என்பதும் எனக்கு வியப்பு. அருவியைப் பின்னணியாக வைத்துச் சண்டை எழுதாதவர்கள் இல்லை. ஆற்றோரத்தில் மீனை வாங்கி, அங்கேயே சமைத்துத் தரும் பெண்களிடம் மசாலாவுக்கும் கூலிக்கும் பேசிக் கொடுத்துவிட்டு, வெந்து வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டிய அந்த ஒரு மணி நேரத்தை எவரும் எழுதவில்லை. பணத்தைக் கொடுத்தாயிற்று, எழுந்து போகவும் முடியாது. பரிசலில் வருகிறவர்கள் ஒவ்வொருவரையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். குழம்பு கொதிக்கும் ஓசையைவிட நல்ல கடிகாரம் உண்டா? பரிசல் கவிழ்வதையே மீண்டும் மீண்டும் எழுதுகிறீர்கள்.

காடு பற்றியும் ஒரு சொல். 2004 அக்டோபர் 18 அன்று பாப்பாரப்பட்டி அருகே வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்டதற்கு முன்னும் பின்னும் எங்கள் காடுகளைக் களமாகக் கொண்ட கதைகளை நிறையப் படித்துவிட்டேன். துப்பாக்கி வகைகளும் யானைத் தந்தமும் சந்தனக் கட்டையும் விரிவாக வருகின்றன. உள்ளே பல நாள் பதுங்கியிருப்பவர்கள் உண்ட அரிசி எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை மட்டும் எவரும் கேட்பதில்லை. மலையோரத்து ஊர் ஒன்றில் பணியாற்றிய நாட்களில், அந்தக் காலத்தில் சந்தையில் வழக்கத்தைவிட நான்கு படி கூடுதலாக வாங்கிவிட்டால் யாருக்கு என்று கேள்வி வரும் என்று பெற்றோர் சிலர் தாழ்ந்த குரலில் சொல்லக் கேட்டிருக்கிறேன். வீட்டில் திருமணம் என்றால் அரிசி வாங்கவே அஞ்சிய குடும்பங்கள் இருந்தனவாம். கொடுத்தால் ஒரு பக்கத்து அச்சம், மறுத்தால் மறுபக்கத்து அச்சம். தலையில் ஒரு மூட்டைச் சாமையைச் சுமந்துகொண்டு ஒற்றையடிப் பாதையில் நடக்கும் ஒரு பெண்ணின் அரை மணி நேரம், உங்கள் இருபது துப்பாக்கிச் சூடுகளைவிட என் மூச்சைப் பிடித்து நிறுத்தும். அவள் கையில் ஆயுதம் எதுவும் தேவையில்லை.

பெண்கள் என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. உங்கள் கதைகளில் சமைப்பவர் எப்போதும் நாயகனின் மனைவி. தட்டோடு வந்து, "சாப்பிட்டுப் போங்களேன்" என்று கெஞ்சி, அவன் மறுத்து வெளியேறியபின் மூன்றாம் அத்தியாயத்தில் கொல்லப்படுகிறார். அந்தத் தட்டு என்னவாயிற்று என்று எவரும் எழுதுவதில்லை. அந்த ஒரு முறையாவது அவன் உட்கார்ந்து சாப்பிட்டிருந்தால் இருவருமே பிழைத்திருப்பார்கள் என்று அம்மா ஒருமுறை கணக்குப் போட்டுச் சொன்னார். வில்லன் வீட்டுக்கு வந்த நேரத்தை வைத்துப் பார்த்தால் அந்தக் கணக்கு சரியாகத்தான் இருந்தது.

ஆகவே என் வேண்டுகோள் சிறியது. ஒவ்வொரு நாவலிலும் ஒருமுறையாவது உங்கள் நாயகனை உட்கார வைத்துச் சோறு போடுங்கள். அவன் முன்னாள் இராணுவ வீரன் என்றால், நீண்ட நாள் கெடாமல் களத்தில் பிரித்து உண்ணத்தக்க உணவுகளை நம் படைகளுக்காக உருவாக்கும் ஆய்வகம் 1961 முதல் மைசூரில் இயங்கிவருகிறது. அந்தப் பொட்டலங்களைத் தின்று பழகிய நாக்குக்கு அடுப்பிலிருந்து இறக்கிய சூடான குழம்பு என்னவாக இருக்கும் என்று எழுதுங்கள். அவன் ஓசூர்த் தொழிற்சாலையில் மூன்றாம் ஷிப்ட் பார்ப்பவன் என்றால் கேன்டீனில் எத்தனை மணிக்கு என்ன கிடைக்கும் என்பதைக் கேட்டு எழுதுங்கள். உணவின் பெயரை அடுக்குவதோ, சமையல் குறிப்பாக நீட்டுவதோ நான் கேட்பது அன்று, அதுவும் சலிப்பூட்டும். யார் கொடுத்தது, எவ்வளவு நேரம் ஆயிற்று, பாதியில் எழுந்தானா, மிச்சம் என்னவாயிற்று என்பவை கதையின் போக்கில் ஒரு திருகலையாவது உண்டாக்க வேண்டும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நடக்கும் கதையாக இருந்தால், அச்சுக்குப் போகுமுன் சாப்பாட்டுப் பகுதிகளைப் படித்துப் பிழை பார்த்துத் தர நான் அணியமாக இருக்கிறேன். கட்டணம் எதுவும் வேண்டாம். மாலை வேளைகளில் காவேரிப்பட்டினம் நூலகத்தில் என்னைப் பார்க்கலாம். நேரில் வருகிறவர்களுக்கு நிப்பட்டும் தேநீரும் உண்டு. முன்கூட்டியே சொல்லிவிட்டு வந்தால் வீட்டில் களி கிண்டச் சொல்கிறேன், அதை மெல்லாமல் விழுங்குவது எப்படி என்றும் காட்டித் தருகிறேன். வைகாசியிலும் ஆனியிலும் மட்டும் கையெழுத்துப் படிகளை அனுப்ப வேண்டாம். அப்போது தோப்பில் காய் பறிப்பு நடந்துகொண்டிருக்கும். பகலெல்லாம் அங்கேதான் இருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வு பெற்ற தமிழாசிரியர்,
காவேரிப்பட்டினம்.